காசிக்கு வராதவர்கள் கோமுகிக்கு வந்த கதை

பக்தி முற்றிப்போய்த்தான் நான் கங்கைக்குப் புறப்பட்டேன் என்று எங்கள் உறவுக்காரர்களில் சிலர் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் என்னோடு பேச ஒரு ஆள் இல்லை. அதனால்தான் கங்கை, அதனால்தான் இமயமலை, அதனால்தான் அந்த அவமானம் எல்லாம்.

என் மனைவி வசந்தா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் பேசுகிற வேலை முழுவதையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பால்காரர், எதிர்வீடு, வீட்டு ஓனர், என்னோடு வேலை செய்பவர்களின் மனைவிமார் என்று ஊரோடு எங்களுக்கு இருந்த பழக்கமெல்லாம் அவள் வழியாக வந்ததுதான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். (தலையாட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.) அவள் போனதும் அந்தப் பழக்கமெல்லாம் அவளோடு போய்விட்டது. யாரும் என்னை ஒதுக்கவில்லை. என்னிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு. ஓர் அரசு அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் டி.வி.யில் செய்தியைப் போட்டுவிடுவேன். நாட்டு நடப்பில் அக்கறை ஒன்றும் கிடையாது, வீட்டில் ஒரு குரல் இருக்கட்டும் என்றுதான். ஒருநாள் செய்தி வாசிக்கிற பெண் "மீண்டும் நாளை சந்திப்போம்" என்றதும் நான் "சரிம்மா" என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு நானே பயந்துபோய் எழுந்து எல்லா விளக்கையும் போட்டேன்.

இந்த நிலைமையில்தான் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்காரர் ஒருநாள் மரியாதைக்காகக் கேட்டார்.

"இன்னா சார், லீவுல எங்கியும் போலியா?"

"காசிக்குப் போலாம்னு இருக்கேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த நிமிடம் வரைக்கும் காசியைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் இருந்ததில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் குளிர்காலத்தில் போகாதே என்றார். இன்னொருவர், படித்துறையில் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். சேலத்தைத் தாண்டிப் போயிராத மூன்றாமவர் சிந்திய டீயை விரலால் தொட்டு, காசியிலிருந்து கயாவுக்குப் போகிற வழியைப் பெஞ்சில் வரைந்தார். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன்: அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மொத்தமாக என்னிடம் பேசப்பட்டதைவிட அன்று அதிகம் பேசியிருந்தார்கள்.

மறுநாள் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போனேன்.

ஏழு மாதம் திட்டம் போட்டேன். எந்த நதியில் எத்தனை முழுக்கு, எந்த ஊரில் எந்தச் சத்திரம், எந்த ரயிலில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கோயில் குருக்களிடம் கேட்டேன், மருந்துக்கடையில் கேட்டேன், முடிவெட்டுகிறவரிடம் கேட்டேன். திட்டம் முடிந்துவிடுமோ என்று பயம் வரும்போதெல்லாம் இன்னொரு புண்ணிய நதியைச் சேர்த்துக்கொண்டேன். நர்மதை அப்படித்தான் உள்ளே வந்தது. கோதாவரியும் வந்தது. ஒரு கட்டத்தில் நான் திரும்பி வர ஓய்வு பெறும் வயது ஆகிவிடும் போலிருந்தது.

கூட வருவதற்கு ஆள் சேர்க்கத் தொடங்கியபோதுதான் சிக்கல். பேசுவதற்கு நாற்பது பேர் இருந்தார்கள், வருவதற்கு யாரும் இல்லை. எதிர்வீட்டில் துணி தைக்கும் சகுந்தலா, "காசிக்கா? மாமியாருக்கு முட்டி வலிங்கண்ணா" என்றாள். வீட்டு ஓனர், பசு சினையாக இருக்கிறது என்றார். என்னோடு வேலை செய்யும் ஏழுமலை மிகவும் யோசித்தான்.

"காசிக்குப் போனா புடிச்சது ஒண்ண வுட்டுட்டு வரணும்பாங்களே சார்?"

"ஆமாம். ஏதாவது ஒரு காய், ஒரு பழம்…"

"எனக்குப் புடிச்சதே மீனு ஒண்ணுதான் சார். அதையும் வுட்டுட்டு வந்து நான் இன்னா பண்றது?"

எல்லோரும் விலகிக்கொண்டார்கள். இரண்டு வாரம் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு வடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. காசிக்கு எல்லோரும்தான் போகிறார்கள். நாம் ஏன் கங்கை பிறக்கும் இடத்துக்கே போகக்கூடாது? இமயமலையில் கங்கோத்ரிக்கு மேலே பனிப்பாறையிலிருந்து கங்கை வெளியே வரும் இடம். பசுவின் முகம் போல இருக்கும் என்பதால் அதற்குக் கோமுகம் என்று பெயர், கோமுகி என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடித்திருந்தது. அன்றைக்கே 'கோமுகி யாத்திரை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். 'தை மாதம் கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோமுகிக்குப் புறப்படுகிறோம். விருப்பம் உள்ளவர்கள் ஆதார் நகல் தரவும்' என்று போட்டேன்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேரத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் அணை இருக்கிறது. பூங்கா இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, மீன் வறுத்துத் தருவார்கள். அதன் பெயர் கோமுகி அணை. அது எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அந்தப் பெயர் எழுதிய கோப்பு மாதத்துக்கு இரண்டு தடவையாவது என் மேசைக்கு வரும். ஆனால் என் மூளை அப்போது முழுக்க இமயமலையில் இருந்தது.

இரண்டே நாளில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சகுந்தலா, அவள் கணவர், மகள், முட்டி வலி மாமியார். ஏழுமலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். வீட்டு ஓனரும் அவர் மனைவியும். 'காசிக்கு வராதவர்கள் கோமுகிக்கு வருகிறார்களே! இமயத்தின் ஈர்ப்பை என்னவென்பது!' என்று அன்று என் நோட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை அப்புறம் கிழித்துவிட்டேன்.

பதினொரு நாள் திட்டத்தை இருபத்துமூன்று பக்கங்களில் டைப் அடித்துக் குழுவில் அனுப்பினேன். ரயில் நேரம், கொண்டுவர வேண்டிய பொருட்கள், ஒழுக்க விதிகள், எல்லாம். எல்லோரும் கும்பிடுகிற கை படத்தைப் பதிலாக அனுப்பினார்கள். சகுந்தலா மூன்று கை அனுப்பினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாயைத் திறந்து நேராக ஒருவரிடம், 'இமயமலைக்கு வருகிறீர்கள்தானே?' என்று நான் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் யாராவது யோசிப்பார்கள். யோசித்தால் வரவில்லை என்பார்கள். அந்தப் பயத்தில், அவர்களாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

"குளுரு ஜாஸ்தியா இருக்குமாண்ணா?" என்றாள் சகுந்தலா.

"ரொம்ப இருக்கும்மா. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க."

"தண்ணியில எறங்க வுடுவாங்களா?"

"இறங்காம எப்படி? அதுக்குத்தானே போறோம்."

"மொதல கிதல இருக்காதே?"

"முதலை கங்கையோட வாகனம்மா. பயப்படக் கூடாது, கும்பிடணும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பாவம், மனைவி போன மனுஷன் என்று விட்டிருப்பாள்.

ஏழுமலையிடம், "பதினோரு நாள் லீவு எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்க நினைத்து, பயத்தில் "லீவு எழுதிக் குடுத்துட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு எதுக்கு சார் லீவு?" என்றான்.

நல்ல நகைச்சுவை என்று நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். அவனும் என்னோடு சேர்ந்து சிரித்தான். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. பிறகு தயங்கித் தயங்கி, "அங்க மீனு சாப்டலாமா சார்?" என்று கேட்டான். புண்ணிய பூமியில் மீனா என்று நான் அரைமணி நேரம் விரத மகிமையைப் பேசினேன். "சரி சார், சாமி விஷயம்" என்று முகம் வாடிப் போனான்.

என்னையும் சேர்த்து ஆள் கணக்குப் பதினொன்று ஆனது. பன்னிரண்டாவதாக என் அக்கா காந்திமதியின் எண்ணையும் குழுவில் சேர்த்துவிட்டேன். போன் செய்து அழைக்கவில்லை, எண்ணை மட்டும் சேர்த்தேன். அக்கா திருக்கோவிலூரில் இருக்கிறாள், பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வசந்தாவின் கருமாதி அன்று சாப்பாட்டுக்கு இலை போட்ட நேரத்தில், "நீ இன்னொரு கல்யாணம் பண்ணிக்கடா, தனியா இருந்தா செத்துடுவ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நான் இலையைவிட்டு எழுந்து வந்தவன், இரண்டு வருடமாக அவளோடு பேசவில்லை. அவள் பதில் ஒன்றும் அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவளுடைய ஆதார் நகல் மட்டும் வந்தது. மற்றவர்களோடு சேர்த்து அவளுக்கும் ரயில் டிக்கெட் எடுத்தேன்.

அந்த ஞாயிறும் வந்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு என் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் பாபு, ஏழுமலை பிடித்துக் கொடுத்த ஆள். நான் இரண்டு பெரிய பெட்டிகளோடும் கழுத்தில் மப்ளரோடும் தலையில் குரங்குக் குல்லாவோடும் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்து உருகிப்போனேன். சகுந்தலா குடும்பம் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கட்டைப்பை, ஒரு புளிசாதத் தூக்கு. ஏழுமலை கையில் ஒரு துண்டும் சோப்பு டப்பாவும். வீட்டு ஓனர் ஒரு பிளாஸ்டிக் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். பதினொரு நாள் பயணத்துக்கு ஒரே ஒரு துண்டு! பற்றை அறுத்த மனிதர்கள் இவர்கள், நான்தான் இரண்டு பெட்டி நிறையச் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏழுமலையின் மகன் கிரிக்கெட் மட்டை எடுத்து வந்திருந்தான். ரிஷிகேசத்தில் விளையாடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு ஆட்டோ வந்தது. அக்கா இறங்கினாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். பெட்டி, சால்வை, கால்களில் கம்பளி சாக்ஸ். எங்கள் ஊர்ப் பெண்கள் சாக்ஸ் போட்டு நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"குல்லாவ கழட்டுடா, மூச்சு முட்டப் போவுது" என்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வண்டி கிளம்பியது. நான் முன் சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வேனில் இருந்த மைக்கைப் பிடித்துக் கங்கை பூமிக்கு வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நன்றாகத்தான் கேட்டார்கள். கங்கையைச் சிவன் சடையில் தாங்குகிற இடத்தில் சகுந்தலாவின் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இத்தனை பேர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அந்த மகிழ்ச்சியில் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று நான் கவனிக்கவில்லை. தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கத் திரும்பியபோதுதான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். சென்னைக்கு ரயிலேற நாங்கள் போக வேண்டிய விழுப்புரம் சாலையில் மலை கிடையாது. இங்கே கல்வராயன் மலை மொத்தமும் எதிரே நின்றுகொண்டிருந்தது.

"பாபு, விழுப்புரத்துக்கு இப்படியும் ஒரு வழி இருக்கா?"

"விழுப்புரத்துக்கு எதுக்கு சார் போவணும்? கோமுகிக்கு இதான ரோடு. தோ, வந்துட்டோம்."

அவன் காட்டிய திசையில் ஒரு பெயர்ப் பலகை. அதில் பெரிய எழுத்தில், கோமுகி அணை.

அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீன், முதலை, ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு லீவு, எல்லாமும். மைக் கையில் இருந்தது. (அதன் பிறகு நாலைந்து நிமிடம் மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டதாகச் சகுந்தலாவின் மகள் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.)

வண்டி நின்றது. எல்லோரும் கலகலவென்று இறங்கினார்கள். பிள்ளைகள் ஊஞ்சலை நோக்கி ஓடினார்கள். ஓனர் பாயை விரித்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம், இதற்குத்தான் வந்தேன் என்பதுபோல் நடந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழுமலை விடவில்லை.

"இன்னா சார், ஒரு நாளைக்கு இவ்ளோ பெரிய பொட்டி? உள்ள இன்னா வச்சிக்கினு இருக்கீங்க?"

"சாயந்திரம் சென்னையில ரயிலுய்யா!" என்று கத்திவிட்டேன். "ஹரித்துவாருக்கு! பன்னண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்! இமயமலைக்குப் போறோம்னு இருபத்துமூணு பக்கம் அனுப்பினேனே, ஒருத்தர்கூடவா படிக்கல?"

ஏழுமலையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்துச் சகுந்தலா சிரித்தாள். அப்புறம் டிரைவர், ஓனர், முட்டி வலி மாமியார் என்று அணைக்கரை முழுக்கச் சிரிப்பு. அவர்கள் சிரித்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்களே, அதுதான் தாங்க முடியவில்லை.

"நாங்க டேமுன்னு நெனச்சிக்கினோம்ணா" என்றாள் சகுந்தலா மெல்ல. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா. எதிர் வூட்டுலதான இருக்கறோம்?"

எதிர்வீட்டில்தான் இருக்கிறார்கள். பத்தடி. இரண்டு வருடமாக அந்தப் பத்தடியை என்னால் தாண்ட முடியவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"சார், இப்ப வுட்டாகூட ரெண்டு மணிக்கெல்லாம் சென்னை போயிடலாம்" என்றான் பாபு. நல்லவன், அவனுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் பெட்டியைத் தூக்கினேன். "சரி, நான் மட்டும் போறேன்" என்றேன். நான் மட்டும். அப்படிப் போக முடியாமல்தானே இத்தனை ஏற்பாடும்!

"நானும்தான் வருவேன்" என்று ஒரு குரல். அக்கா வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. சாக்ஸ் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "ஆனா போயி பிரயோஜனம் இல்லடா. பதினாலாம் பக்கத்துல தப்பு இருக்குது."

"என்ன தப்பு?"

அவள் பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தாள். இருபத்துமூன்று பக்கத்தையும் அச்செடுத்து நூலால் தைத்து வைத்திருந்தாள். ஓரங்களில் சிவப்பு மையில் கோடுகள். "'ஆறாம் நாள், கங்கோத்ரி கோயில் தரிசனம்'னு போட்டுக்கிற. கோயில தீபாவளியோட சாத்திட்டாங்க. சித்திரையிலதான் தொறப்பாங்களாம். இப்ப அங்க எல்லாம் பனி மூடிக்கினு கெடக்குமாம். எங்க தெருவுல போய்ட்டு வந்தவங்கள வெசாரிச்சேன்."

ஏழு மாதத் திட்டம். எந்த ரயிலில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்றுகூட எழுதியவன், கோயில் திறந்திருக்குமா என்று பார்க்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன்க்கா பொட்டியோட வந்த?"

"நீ கூப்ட்ட, வந்தேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எல்லாத்தையும் நிறுத்திப்புட்டு வூட்டுல தனியா குந்திக்கினு இருப்ப. ஹரித்துவாரம் போயி சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முகம் கழுவுகிற சாக்கில் அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் ஓடுகிற இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தேன். முதல் கல் வழுக்கவில்லை. இரண்டாவது கல் பாசி. ஸ்வெட்டர், மப்ளர், கழற்றச் சொல்லியும் கழற்றாத குல்லா, சட்டைப் பையில் பன்னிரண்டு டிக்கெட்டையும் வைத்திருந்த செல்போன், எல்லாவற்றோடும் மல்லாந்து விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் நனைந்த கம்பளி கல்லாக இழுத்தது. எழுந்தேன், விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். "மூணு முழுக்கும் முடிஞ்சிதுங்க!" என்று கரையிலிருந்து முட்டி வலி மாமியார் சொன்னார். ஏழுமலையும் பாபுவும் இறங்கி என்னைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அவர்களும் முழுக்க நனைந்துபோனார்கள்.

என்னைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்தார்கள், பிள்ளைகளைப் பிடிக்கப் பெரியவர்கள் இறங்கினார்கள். அரைமணி நேரத்தில் காய்ந்த துணியோடு இருந்தது அக்காவும் ஓனர் மனைவியும்தான். அப்புறம்தான் தெரிந்தது, மாற்றுத்துணி யாரிடமும் இல்லை, என்னைத் தவிர. அக்கா என் பெட்டிகளைத் திறந்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

என் சட்டைகள் எல்லாமே வசந்தா எடுத்துக் கொடுத்தவை. அவள் போன பிறகு நான் புதுத்துணி வாங்கவில்லை. நீலக்கட்டம் போட்டதைப் பாபு போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டை ஏழுமலைக்கு முழங்கால் வரை வந்தது. அவன் மகன் ஒரு சட்டையைக் கவுன் மாதிரி போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடினான். சகுந்தலாவின் கணவர் எங்கள் இருபதாவது கல்யாண நாள் சட்டையில் புளிசாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். பீரோவில் அடுக்கி வைத்து நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த சட்டைகள் அன்று ஆற்றங்கரை முழுக்க நடமாடின. நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அவள் எங்கே எடுத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது அவள் இல்லாதது வீட்டில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. இதற்காகவா ஏழு மாதம் ஆள் சேர்த்தேன் என்றுகூடத் தோன்றியது.

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றான். என் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "சார்… இப்ப மீனு சாப்டலாமா?" என்று கேட்டான்.

சாப்பிட்டோம். அக்கா ஒரு துண்டை முள் எடுத்து என் இலையில் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுந்துபோன இலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ரயில் நாங்கள் இல்லாமல்தான் போனது. அடுத்த நாளே அக்கா என் திட்டத்தைக் கையில் எடுத்து, நர்மதையையும் கோதாவரியையும் அடித்துவிட்டு ஒன்பது பக்கமாகச் சுருக்கினாள். வைகாசியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். ஹரித்துவாரில் குளித்தோம், கங்கோத்ரியில் தரிசனம் செய்தோம். அங்கே நான் வசந்தாவின் பெயரைச் சொல்லித் தண்ணீரில் கைவைத்தேன். கை மரத்துப்போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் உணர்வு வந்தது. கோமுகத்துக்கு அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்க வேண்டும். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. திரும்பிவிடலாம் என்றேன்.

சத்திரத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் தங்கியிருந்தது. அதில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து வருத்தப்பட்டார்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுக் கோமுகியப் பாக்காமப் போறீகளே!"

"கோமுகியா?" என்றாள் அக்கா. "அத நாங்க தை மாசமே பாத்துட்டோங்க. மீனு நல்லா இருக்கும்."

அந்தப் பெரியவர் முகம் போன போக்கை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் கைக்கெட்டாமல் போகிற எதற்கும் அதுதான் பேச்சு. போன தீபாவளிக்குத் திருக்கோவிலூரில் எல்லோரும் கூடியிருந்தோம். அக்காவின் பெரிய மகனுக்கு வெளிநாட்டு வேலை கடைசி நேரத்தில் கைவிட்டுப் போயிருந்தது. வீடே சோர்ந்து கிடந்தபோது அவனே எழுந்து, "வுடுங்க, அந்தக் கோமுகிய நாம ஏற்கெனவே பாத்தாச்சி, மீனு நல்லா இருக்கும்" என்றான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

வசந்தா அதிகமாகச் சிரித்தால் கடைசியில் அவளுக்கு ஒரு விக்கல் வரும். எங்கள் வீட்டில் எந்தச் சிரிப்பும் அந்த விக்கலோடுதான் முடியும். சிரித்து ஓய்ந்ததும் அக்கா ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விக்கல் வரவில்லை. பிறகு அக்கா எழுந்து, இலை போடச் சொன்னாள்.